பூச்சுற்றும் வெற்றுச் சுற்றும்

(கைவினை ஆர்வலர்கள் கூடிய ஓர் அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐஸ்லாந்து ஸ்வெட்டரை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உடம்பும் கையும் ஒரே நிறம். சாம்பலோ பழுப்போ கறுப்போ, பெரும்பாலும் ஆட்டின் சொந்த நிறமே. கழுத்தைச் சுற்றித் தோள் வரைக்கும் மட்டும் ஒரு பெரிய வட்டம். அதில் இரண்டு மூன்று நிறங்களில் பூ, இலை, முக்கோணம், பனித்துகள். அந்த வட்டம்தான் யோக். நம் ஊர்த் தையல்காரர் நைட்டிக்கும் சட்டைக்கும் சொல்கிற அதே யோக். ஸ்வெட்டருக்கு அந்த நாட்டார் வைத்த பெயர் லோபாபெய்சா.

பார்த்ததும் இது வைக்கிங்குகள் காலத்துச் சொத்து என்று தோன்றும். அதை விற்கிறவர்களும் அந்த எண்ணத்தைக் கலைக்க அவசரப்படுவதில்லை. உண்மையில் இந்த வட்ட யோக் ஐஸ்லாந்தில் பரவியது 1950களில். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் இந்த மரபைவிட வயதில் மூத்தவர்களாக இருப்பீர்கள்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன்பின், இப்படி ஒன்றைப் பின்னி ஒரு குறிப்பிட்ட மனிதருக்குப் பொருந்தச் செய்வது எப்படி என்பதை விரிவாகச் சொல்லப்போகிறேன். என் கட்சி இதுதான்: பார்க்கிறவர் கண் பூவில் போய் நிற்கும், போட்டுக்கொள்கிறவர் உடம்பு பூ இல்லாத இடத்தில்தான் ஸ்வெட்டரை உணரும். பூ பிடிவாதமானது. ஒரு பின்னல் வளையத்தைக் கூட்டவோ குறைக்கவோ அது சம்மதிக்காது. வளைந்து கொடுப்பவை அதற்கு மேலும் கீழும் ஒரே நிறத்தில் ஓடும் வெற்றுச் சுற்றுகள். பொருத்தம் என்ற வேலை ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

ஆடும் நூலும்

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அந்தத் தீவில் குடியேறியவர்கள் தங்கள் ஆடுகளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவற்றின் வழிவந்தவையே இன்றும் அங்கே மேய்கின்றன. வேற்றின ஆடுகளோடு கலப்பு மிகக் குறைவு. இந்த ஆட்டின் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். வெளியே இருப்பது டோக்: நீளம், முரடு, மழைத்தண்ணீரை வழியவிடும். உள்ளே இருப்பது தெல்: குட்டை, மென்மை, காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கும். ஒரு காலத்தில் இரண்டையும் கையால் பிரித்து வெவ்வேறு காரியங்களுக்கு நூற்றார்கள். லோபி என்ற நூலில் இரண்டும் சேர்ந்தே வரும்.

லோபி என்பது சீவிய கம்பளியை இழையாக நீட்டி, முறுக்கு ஏற்றாமல் விட்ட நிலை. ஆலையிலிருந்து அது தட்டு வடிவில் சுற்றி வரும். அதை நூற்காமல் அப்படியே பின்னலாம் என்று ஐஸ்லாந்துப் பெண்கள் 1920களில் செய்து காட்டினார்கள். கொஞ்சம் பலமாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கவலையில்லை; இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையை ஈரமாக்கித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பின்னி முடித்த பிறகு இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் துணி உறுதியாகிவிடும். இன்று இலேசாக முறுக்கிய லோபியும் கிடைக்கிறது. லெட்லோபி என்ற வகையில் 50 கிராம் உருண்டைக்கு 100 மீட்டர் நூல்; ஆலஃபோஸ்லோபி அதைப்போல் இரு மடங்கு கனம், 100 கிராமுக்கு 100 மீட்டர். இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் லெட்லோபிக்கு.

பின்னல் என்ற தொழில்நுட்பம் அந்தத் தீவுக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. வந்த வேகத்தில் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. 1624இல் மட்டும் 72,000 ஜோடிக் காலுறைகளும் 12,000 ஜோடிக் கையுறைகளும் ஏற்றுமதியாயின. பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் சிறுவர்களும் பின்னினார்கள். ஆனால் அந்தக் காலச் சரக்கில் வட்ட யோக் கிடையாது.

வட்டம் வந்த வழி

அது ஒரே வழியில் வரவில்லை. மேற்குக் கிரீன்லாந்துப் பெண்களின் விழா உடையில், தோள்களை மூடி மார்பு வரை இறங்கும் அகலமான மணிக் கழுத்தணி ஒன்று உண்டு. வண்ணக் கண்ணாடி மணிகளைக் கோத்து வட்டம் வட்டமாக அமைத்தது. 1930இல் வெளிவந்த 'எஸ்கிமோ' என்ற திரைப்படத்தை ஒட்டி, நார்வேயின் வடிவமைப்பாளர் அன்னிஷென் சிபெர்ன் அந்த அணியின் சாயலில் ஒரு ஸ்வெட்டரை உருவாக்கினார்.

அடுத்தது ஸ்வீடன். பூஹூஸ்லேன் கடற்கரையில் கல் உடைக்கும் தொழில் படுத்துவிட, கல் உடைப்பவர்களின் குடும்பத்துப் பெண்களுக்கு வருமானம் தேடி, ஆளுநரின் மனைவி எம்மா ஜாகோப்சன் 1939இல் பூஹூஸ் ஸ்டிக்னிங் என்ற அமைப்பைத் தொடங்கினார். மெல்லிய நூலில், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுபோல் தோன்றும் யோக்குகள் அங்கே பிறந்தன. அன்னா-லிசா மன்ஹைமர் லுன் 1947இல் வடிவமைத்த 'நீல மினுக்கம்' அவற்றில் புகழ்பெற்றது. வழவழப்பான நிட் வளையங்களின் பரப்பில் இடையிடையே புடைத்து நிற்கும் பர்ல் வளையங்களை வைத்து நிறத்தை மேடாக்கும் தந்திரம் அவர்கள் கைவண்ணம். 1969இல் அந்த அமைப்பு மூடப்பட்டது.

ஐஸ்லாந்தில் யார் தொடங்கினார்கள்? நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹல்டோர் லாக்ஸ்னெஸின் மனைவி ஒய்துர்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் தேர்ந்த பின்னல்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஸ்வெட்டரின் வரலாற்றை ஆராய்ந்து 2017இல் நூலாக எழுதிய அவுஸ்டிஸ் யோயெல்ஸ்டோட்டிர் காட்டும் படம் வேறு: பத்திரிகைகளில் வந்த வரைபடங்கள், வெளிநாட்டுப் பாணிகள், வீட்டில் கிடைத்த லோபி, இவற்றை வைத்துப் பலர் ஒரே காலத்தில் செய்துபார்த்து உருவானது இது. ஒருவர் பெயரில் பட்டா எழுத முடியாது.

1944இல் குடியரசான ஒரு சின்ன நாட்டுக்கு இது தேசியச் சின்னமாகவே ஆகிவிட்டது. காரணம் அழகு மட்டுமல்ல, வேலையின் எளிமை. தடித்த நூல் என்பதால் சீக்கிரம் முடியும். துண்டு துண்டாகப் பின்னித் தைக்கும் சள்ளை இல்லை. 1977இல் கைப்பின்னல் செய்வோர் சேர்ந்து சங்கம் அமைத்துத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். 2008இல் அந்த நாட்டு வங்கிகள் சரிந்தபோது மறுபடியும் வீட்டுக்கு வீடு ஊசி எடுத்தார்கள்.

மூன்று குழாய், ஒரு கூம்பு

இனி வேலைக்கு வருவோம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். வட்ட ஊசியில் முழுதாக ஒருமுறை சுற்றி வருவதைச் சுற்று என்கிறேன்.

ஐஸ்லாந்து முறையில் கீழிருந்து மேலே பின்னுவார்கள். முதலில் உடம்புக்கு ஒரு பெரிய குழாய், அக்குள் வரை. பிறகு கைகளுக்கு இரண்டு சிறிய குழாய்கள், மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை. மூன்றையும் ஒரே ஊசியில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது அக்குளில் படும் சில கண்ணிகளை உடம்பிலும் கையிலும் தனி நூலில் கோத்து ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் அவற்றை எதிரெதிரே வைத்து இணைத்துவிடலாம். மிச்சக் கண்ணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வட்டம். அங்கிருந்து கழுத்து வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் யோக் கிடைக்கும்.

இதற்கு ஒரு விகிதக் கணக்கை வகுத்துப் பரப்பியவர் எலிசபெத் சிம்மர்மன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1971இல் வந்த 'நிட்டிங் விதவுட் டியர்ஸ்' அவருடைய நூல். அவர் சொன்னது எளிது. உடம்புச் சுற்றின் கண்ணிகளை 100 என்று வைத்தால், மேற்கைக்கு 33, ஒவ்வொரு அக்குளிலும் ஒதுக்க 8, கழுத்துக்கு 40. யோக்கின் ஆழம், உடம்புச் சுற்றளவில் கால் பங்கு. குறைப்பதற்கு மூன்றே மூன்று சுற்றுகள்: ஆழத்தில் பாதி வந்ததும் நாலில் ஒன்றைக் குறைக்க வேண்டும், முக்கால் வந்ததும் மூன்றில் ஒன்று, கழுத்தருகே மறுபடி மூன்றில் ஒன்று. இடையில் இருக்கும் சுற்றுகளில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. அங்கேதான் பூ தொந்தரவில்லாமல் மலர்கிறது.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். மார்புச் சுற்றளவு 96 செ.மீ. தளர்வாக 8 செ.மீ. சேர்த்தால் ஸ்வெட்டர் 104 செ.மீ. லெட்லோபியை 4.5 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ.க்கு 18 கண்ணி, 24 சுற்று வரும். அப்படியானால் உடம்புக்கு 188 கண்ணி. கைக்கு 62. அக்குளுக்கு 15. உடம்பும் இரண்டு கையும் சேர்ந்து 312. உடம்பில் இரண்டு, கைகளில் இரண்டு என நான்கு இடத்தில் 15 ஒதுக்கினால் 60 போய்விடும். மிச்சம் 252.

பூவின் அகலம் 12 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 252ஐ 12ஆல் வகுத்தால் 21 பூ, மீதமில்லாமல். முதல் குறைப்பில் ஒவ்வொரு பூவும் 9 கண்ணி ஆகிறது, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 4. கழுத்தில் 84 கண்ணி, அதாவது ஏறக்குறைய 47 செ.மீ. கழுத்துப் பட்டையில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாம். கீழே அகன்று மேலே குவியும் இதழும் முக்கோணமும் இந்த ஸ்வெட்டர்களில் ஏன் இத்தனை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. 12லிருந்து 4க்கு இறங்கும் கணக்கு போட்ட கோலம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்த்த இடத்தில் வட்டம் 140 செ.மீ.; கழுத்தில் 47. இடையில் ஆழம் 26 செ.மீ. வட்டத் தட்டுபோல் தரையில் படியும் துணிக்கு, இதே ஆழத்துக்கு 163 செ.மீ. சுற்றளவு குறைந்திருக்க வேண்டும். இங்கே குறைந்தது 93தான். ஆகவே யோக் தட்டாகவும் இல்லை, குழாயாகவும் இல்லை, நடுவாந்திரமான கூம்பு. தோளிலிருந்து மார்புக்கு இறங்கும் சரிவை அந்தக் கூம்பு பிடித்துக்கொள்கிறது. தோளில் தையல் இல்லாமலே ஸ்வெட்டர் உட்காருவது இதனால்.

எதை அளப்பது?

நம் பெண்கள் தையல்காரரிடம் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்வதைவிட, நன்றாகப் பொருந்தும் ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவதையே விரும்புவார்கள். பின்னலுக்கும் அதே புத்தி நல்லது. உடம்பை அளந்தால் உடம்பின் அளவு தெரியும். எவ்வளவு தளர்வு பிடிக்கும் என்பது தெரியாது. போடுகிறவருக்குப் பிடித்த ஒரு ஸ்வெட்டரைத் தரையில் பரப்பி மார்பின் அகலம், மேற்கையின் அகலம், கழுத்தின் பின்புறத்திலிருந்து அக்குள் மட்டம் வரை உள்ள ஆழம், அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ள நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஏறக்குறைய அதே கனமுள்ள ஸ்வெட்டராக இருக்க வேண்டும். லோபியின் தடிமன் உள்ளே இடத்தைத் தின்றுவிடும். உள்ளே ஒரு சட்டையும் இருக்கும். அதனால்தான் 8 அல்லது 10 செ.மீ. தளர்வு வைக்கிறோம்.

மாதிரித் துண்டு பின்னாமல் யாரும் தொடங்க வேண்டாம். அதையும் வட்டமாகவே பின்னுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னினால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வரும். பலருக்குப் பர்ல் கொஞ்சம் தளர்ந்துவிடும். ஸ்வெட்டரிலோ எல்லாச் சுற்றும் நிட்தான். அளக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தட்டையாகக் காயவிட வேண்டும். லோபி தண்ணீர் பட்டால் மலரும், மெத்தென்று ஆகும், கொஞ்சம் விரியும். காய்ந்த பிறகு வரும் எண்தான் உண்மை எண். இரண்டு நிறத்தில் ஒரு துண்டும் தனியாகப் பின்னுங்கள். இரு நிறப் பின்னல் அநேகமாக இறுகும். அப்படி இறுகினால் யோக்குக்கு மட்டும் ஊசியை அரை மி.மீ. பெரிதாக மாற்றினால் போதும்.

கண்ணிக் கணக்கை எல்லோரும் பார்ப்பார்கள். சுற்றுக் கணக்கை விட்டுவிடுவார்கள். யோக் பின்னும்போது ஆபத்து இங்கேதான். நம் உதாரணத்தில் 10 செ.மீ.க்கு 24 சுற்று வீதம் 26 செ.மீ. ஆழத்துக்கு 62 சுற்று வரும். உங்கள் கை 10 செ.மீ.க்கு 26 சுற்று பின்னும் கை என்றால் அதே 62 சுற்று 24 செ.மீ.க்குள் முடிந்து அக்குளை அறுக்கும். 22 சுற்றுக் கை என்றால் 28 செ.மீ.க்குப் போய், அக்குள் விலாவில் தொங்கும். கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுவதும் மேலே எழும்பும். மார்பளவு சரியாக இருந்தும் ஸ்வெட்டர் சரியில்லை என்று சொல்லும் பலரின் குறை இதுவே.

வெற்றுச் சுற்றின் வேலை

இனிப் பொருத்தத்துக்கு வருகிறேன். பூவின் உயரம் 44 சுற்று என்று வைப்போம். 62இல் 44 போனால் 18 வெற்றுச் சுற்று. சிலவற்றை, குழாய்கள் சேர்ந்த இடத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைக்கலாம். சிலவற்றைப் பூவுக்கும் கழுத்துப் பட்டைக்கும் நடுவில். அதே மார்பளவு உள்ள இன்னொருவருக்குத் தோள் சிறியது, 22 செ.மீ. ஆழம் போதும் என்றால் 53 சுற்று. பூவைத் தொடவே வேண்டாம். வெற்றுச் சுற்றை 18லிருந்து 9 ஆக்கினால் ஆயிற்று. பூவை வெட்டவும் நீட்டவும் முயல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, கை. 33 சதவீதக் கணக்கில் மேற்கைக்கு வந்தது 62 கண்ணி, சுமார் 34 செ.மீ. கை கொஞ்சம் பருத்தவர், 40 செ.மீ. வேண்டும் என்கிறார். அப்படியானால் 72 கண்ணி. உடனே கூட்டுத்தொகை மாறும்: 188உம் 144உம் 332. 60 ஒதுக்கினால் 272. 272 பன்னிரண்டால் வகுபடாது. என்ன செய்வது? அக்குளில் ஒதுக்குவதை 15லிருந்து 17 ஆக்குங்கள். நான்கு இடத்தில் 17 என்றால் 68. மிச்சம் 264, 22 பூ. ஒரு பூ கூடியது, கைக்கு இடம் கிடைத்தது, அக்குளும் தாராளமானது. பருத்த கைக்கு அகன்ற அக்குள் எப்படியும் வேண்டியதுதான். கழுத்தில் 84க்குப் பதில் 88 வரும். பட்டை தொடங்கும் முன் ஒரு வெற்றுச் சுற்றில் 8 கண்ணியைக் குறைத்தால் கழுத்து கட்டுக்குள் வந்துவிடும்.

பெரிய அளவுகளில் சிம்மர்மன் விகிதத்தை அப்படியே பின்பற்றினால் சங்கடம் வரும். ஸ்வெட்டர் 130 செ.மீ. என்றால் கால் பங்கு 32 செ.மீ.க்கு மேல். அத்தனை ஆழமான யோக் யாருக்கும் வேண்டாம். மார்பு பெருக்கிற அளவுக்கு மனிதருக்குத் தோள் பெருப்பதில்லை. கழுத்து அதைவிடக் குறைவாகவே பெருக்கும். ஆழத்தை 26 செ.மீ. பக்கம் நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் கண்ணிகளைப் பூ தொடங்கும் முன்பே, வெற்றுச் சுற்றுகள் இரண்டில் பரவலாகக் குறைத்துவிட வேண்டும். 312 கண்ணி வந்தால் சுற்றுக்கு 18 வீதம் இரண்டு முறை குறைத்து 276 ஆக்கினால் 26 பூ 23 ஆகும். பூவின் அழகு குறையாது. கழுத்து அகன்று தோளில் சரிவது நிற்கும்.

அடுத்தது, கழுத்தின் பின்புறம். பழைய ஐஸ்லாந்து ஸ்வெட்டரில் முன்னும் பின்னும் ஒன்று. கழற்றி எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். கேட்க வசதியாக இருக்கும். போட்டுக்கொண்டால் பட்டை தொண்டைக்குழியை அழுத்தும், பிடரியில் காற்று போகும். மனித உடம்பு வட்டமில்லை என்பதும், கழுத்து முன்னால் சாய்ந்திருக்கிறது என்பதும் காரணம். பின்புறத்தை மட்டும் உயர்த்தினால் தீர்ந்தது. முழுச் சுற்று போகாமல், பின்பக்கத் தோளிலிருந்து தோள் வரை போய்த் திரும்பி, திரும்பும் இடத்தை ஒவ்வொரு முறையும் சில கண்ணி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் குறுவரிசைகள். ஆறு குறுவரிசை பின்னினால் பின்புறம் 2.5 செ.மீ. உயரும். இதற்கும் இடம் பூவில் இல்லை. பூவுக்குக் கீழே உள்ள வெற்றுச் சுற்றிலோ பட்டைக்குச் சற்று முன்னாலோதான். இதே குறுவரிசை, முன்புறத்தில், அக்குளுக்குக் கீழே மார்பு நிறைந்தவர்களுக்கும் உதவும். முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பதை அது தடுக்கும்.

பூச்சுற்றுக்கும் சில சட்டங்கள் உண்டு. ஒரு சுற்றில் இரண்டு நிறத்துக்கு மேல் வைக்காதிருப்பது கைக்கு நல்லது. பயன்படாத நிறம் பின்னால் ஓடும். நாலைந்து கண்ணிக்கு மேல் சும்மா ஓடவிட்டால் விரல் மாட்டும், ஆகவே நடுவில் ஒருமுறை பிடித்துவைக்க வேண்டும். ஓடும் நூலை இழுக்கக்கூடாது. ஊசியில் கண்ணிகளை நன்றாகப் பரப்பிக்கொண்டு பிறகு நிறம் மாற்றுங்கள், சுருக்கம் விழாது. எந்த நிறம் கீழிருந்து வருகிறதோ அது சற்று எடுப்பாகத் தெரியும். பூவின் நிறத்தைக் கீழே வைத்து, கடைசிச் சுற்று வரை மாற்றாமல் கொண்டுபோக வேண்டும். இவை கவனத்தின் விஷயம். அளவு இவற்றால் மாறாது. மாறினால் நூல் இறுகியிருக்கிறது என்று பொருள்.

போட்டுப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று குழாயும் சேர்ந்து ஏழெட்டுச் சுற்று ஆனதும் எல்லாக் கண்ணியையும் ஒரு நீளமான நூலில் மாற்றிக் கோத்து, போடுகிறவருக்குத் தலை வழியாக மாட்டிப் பாருங்கள். பூ முடிந்து பட்டை தொடங்கும் முன் இன்னொரு முறை. அலுப்பான வேலைதான். ஆனால் எங்கே பிரிப்பது என்பதை அது சொல்லிவிடும்.

முடிந்த பிறகும் வழி உண்டு. கழுத்து அகன்றிருந்தால் பட்டையை மட்டும் பிரித்து, குறைந்த கண்ணியில் மறுபடி பின்னலாம். உடம்பு நீளம் போதாவிட்டால் வெற்றுப் பகுதியில் ஒரு கண்ணியை வெட்டி, அந்த ஒரு சுற்றை உருவி எடுத்தால் ஸ்வெட்டர் இரண்டாகும்; மேல்பாதியின் கண்ணிகளை ஊசியில் ஏற்றி வேண்டிய அளவு கீழே பின்னிக்கொள்ளலாம். முன்புறம் திறக்கும்படி வேண்டுமென்றால் நடுவில் தையல் இயந்திரத்தால் நெருக்கமாக இரண்டு கோடு ஓட்டி, இடையில் கத்தரிக்கோலை விடுவார்கள். கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் லோபி இழைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் கண்ணி நழுவி ஓடாது.

சட்டமும் அளவும்

கடைசியாக ஒன்று. ஐஸ்லாந்து ஸ்வெட்டர் என்ற பெயருக்கு 2020இல் அந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு நாடுகளில் பின்னியவையும் அந்தப் பெயரில் விற்கப்பட்டதால் வந்த ஏற்பாடு. நிபந்தனைகள் தெளிவானவை: ஐஸ்லாந்து ஆட்டின் புதுக் கம்பளியாக இருக்க வேண்டும், ஐஸ்லாந்தில் கையால் பின்னியிருக்க வேண்டும், வட்டமாக, தையல் சேர்ப்பு இல்லாமல், வட்ட யோக்கோடு இருக்க வேண்டும்.

நம் வீட்டில் நாம் பின்னுவது, எவ்வளவு நன்றாக வந்தாலும், அந்தப் பெயருக்கு உரியதல்ல. அதில் வருத்தப்பட ஏதுமில்லை. அந்தப் பெயர் அந்த ஆட்டுக்கும் அந்த ஊர்க் கைகளுக்கும் உரியது. ஆனால் அந்த வட்டத்தின் கணக்குக்குக் காவல் கிடையாது. அது கிரீன்லாந்து மணியிலிருந்தும் நார்வே வடிவமைப்பிலிருந்தும் ஸ்வீடன் கல்லுடைப்பவர் வீடுகளிலிருந்தும் ஊர் ஊராகக் கைமாறி வந்தது. எழுபது ஆண்டுக்குள் ஒரு நாடே அதைத் தன்னுடையது என்று சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வொரு பின்னல்காரரும் அதைத் தன் வீட்டு உடம்புகளுக்கு ஏற்ப மாற்ற முடிந்ததுதான்.

ஆகவே, அச்சிட்ட வரைபடம் ஒன்றை வாங்கும்போது அதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். பூவை அதன் வடிவமைப்பாளருக்கு விட்டுவிடுங்கள். அவர் யோசித்து வைத்ததைக் கலைக்காதீர்கள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று போட்டிருக்கும் அளவுப் பட்டியலை மட்டும் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் உங்கள் வீட்டு மனிதரைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாடாவும் மாதிரித் துண்டும் கூட்டல் வகுத்தலும் கையில் இருந்தால் போதும். வெற்றுச் சுற்றில் நீங்கள் எடுக்கும் முடிவுகளைக் கேள்வி கேட்கும் அதிகாரம், அந்த ஸ்வெட்டரைப் போடப்போகிறவருக்கு மட்டுமே உண்டு.